அளவு பத்தலீங்க

“பேனர் வைக்கிற புத்தி எங்க சார் விடும்? பாடத்துலயும் அவரு பேரு வேணுமாம்.”

பிரவீணாவுக்கு எரிச்சல் தாங்கல. கம்பெனிகளுக்கு ஆன்லைன் பாடம் தயாரிச்சுக் கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது, பெரம்பலூர்ல. இப்போ கையில இருந்தது அரியலூர் லாரி முதலாளி ராசாங்கத்தோட வேலை. அவரோட சுண்ணாம்புக்கல் லாரி டிரைவருங்க செல்போன்லயே பார்த்துப் படிக்கிற பாதுகாப்புப் பாடம்.

“பேரு மட்டுமா கேட்டாரு?” டீம் லீடர் மணிவண்ணன் சிரிச்சாரு.

“பேரு, ஊரு, போன் நம்பர். அதுவும் தூக்கத்தைப் பத்தின ஸ்லைடுலயே வேணுமாம். கடைசி ஸ்லைடுல போடுறேன்னா கேட்க மாட்டேங்கிறாரு. ‘சொன்ன இடத்துல போடும்மா’ன்னு போனை வெச்சுட்டாரு.”

ஏன்னு இவளும் கேட்கல, அவரும் சொல்லல.

சிக்கல் என்னன்னா, பாடம் தயாரிக்கிற சாஃப்ட்வேர்ல, ஸ்லைடுல எழுதுற பெட்டிக்கு இருநூறு எழுத்துதான். எந்த ஊர்க்காரன் செஞ்சானோ, நம்ம கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணித் தொலைக்கும். நாலு வரி அடிக்கிறதுக்குள்ள பெட்டி சிவப்பாயிடும்.

ராசாங்கம் சொல்லிவிட்ட வரி இதுதான்: ‘தூக்கம் வந்தா வண்டியை ஓரங்கட்டித் தூங்குங்க. ட்ரிப் லேட்டானா பரவாயில்லை.’

மொட்டையா இருக்கேன்னு பிரவீணா அதுக்குக் கீழ தன் சொந்தச் சரக்கைச் சேர்த்திருந்தா. ‘சாலை காத்திருக்கும், சரக்கும் காத்திருக்கும். வாசலில் நிற்கும் உன் மகளின் கண்கள் எத்தனை நேரம் காத்திருக்கும்?’

காலேஜ்ல கவிதைப் போட்டின்னா பரிசு அவளுக்குத்தான். எழுதிட்டு அவளே திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்துக்கிட்டா.

“உன் கவிதை, அவரு பேரு, ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும். எதைத் தூக்கப்போற?” மணிவண்ணன் கேட்டாரு.

“என்ன சார் கேள்வி இது? டிரைவருக்கு எது முக்கியம், முதலாளி பேரா? கேட்டாருன்னா அளவு பத்தலீங்கன்னு சொல்லிக்கலாம்.”

பேரும் நம்பரும் போச்சு. கவிதை நின்னுடுச்சு.

அரியலூர்ல லாரி ஷெட்டுலயே திரை கட்டி, டிரைவருங்களை உட்கார வெச்சு முதல் தடவை போட்டுக் காட்டுனாங்க. தூக்கத்து ஸ்லைடு வந்ததும் ராசாங்கம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தேடுனாரு.

“எங்கம்மா, என் பேரையும் நம்பரையும் காணோம்?”

“அளவு பத்தலீங்க ஐயா. சாஃப்ட்வேர்ல அவ்வளவுதான் இடம்.”

அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு உட்கார்ந்தாரு. பின்னாடி இருந்து டிரைவர் வீரமணி எழுந்தாரு.

“ஐயா, தூங்கச் சொல்லிட்டீங்க. லேட்டாப் போனா லோடு இறக்குற இடத்துல சூப்பர்வைசர் வண்டியை உள்ளயே விட மாட்டேங்கிறாரு. போன வாரம் என்னை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டாரு. அவருகிட்ட போயி நான் தூங்கிட்டு வந்தேன்னு சொல்ல முடியுமா? அதுக்கு முழிச்சுக்கிட்டே ஓட்டிடலாம்.”

எல்லாரும் ஆமா போட்டாங்க. திரையில இருந்த கவிதையை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல.

ராசாங்கம் எழுந்து நின்னாரு.

“அவன்கிட்ட நீ வாயே கொடுக்காத வீரமணி. போனைத் தூக்கி இந்தப் பக்கத்தைக் காட்டு. ‘தூங்கச் சொன்னது இந்த ஆளு, ஊரு இது, நம்பர் இது, திட்டுறதா இருந்தா இவரைக் கூப்பிட்டுத் திட்டுங்க’ன்னு சொல்லு. அதுக்குத்தான்யா அந்த இடத்துலயே பேரைப் போடச் சொன்னேன். இடம் பத்தலைங்குது அந்தப் பொண்ணு, என்ன பண்றது?”

பிரவீணாவுக்கு முகத்தை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. லேப்டாப்பை இழுத்தா. கவிதையை மொத்தமா அழிச்சா. ராசாங்கம், கல்லங்குறிச்சி, போன் நம்பர். பெட்டி சிவப்பாகல. இன்னும் இடம் மிச்சம் இருந்துச்சு.

“இப்ப மட்டும் எப்படிம்மா பத்துச்சு?”

“வேண்டாதது கொஞ்சம் கிடந்துச்சுங்க ஐயா. எடுத்துட்டேன்.”

திரையில நம்பர் வந்ததும் வீரமணிதான் முதல்ல கை தட்டுனாரு. அப்புறம் ஷெட்டே தட்டுச்சு. அவனவன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் புடிச்சுக்கிட்டான்.

பிரவீணா எத்தனையோ பாடம் செஞ்சிருக்கா, ஒரு ஸ்லைடுக்குக் கைதட்டு விழுந்தது அன்னைக்குத்தான். இப்பவும் புதுசா வேலை கொடுக்க வர்ற கம்பெனிக்காரங்க கேட்டா, தான் செஞ்சதுலயே நல்ல ஸ்லைடு இதுதான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு அதைத்தான் காட்டுறா.

அதுல அவ எழுதுன வார்த்தை ஒண்ணுகூட இல்லை.