சைரா கட்டிய கணப்பு

"என் தம்பி லாரி ஏறினதும் கணப்பை உடைச்சிருக்கா! இவ பொண்ணா, பிசாசா?"

கலிமான் தெருவிலேயே ஆரம்பித்துவிட்டாள். எழுபது வயசு, மூட்டு வலி. ஆனால் அன்றைக்கு அவள் நடந்த நடைக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள் நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

அவள் தம்பி ஒஸ்மோன்குல் குளிர்காலத்துக்குக் கரி வாங்க கரா-கெச்சே சுரங்கத்துக்குப் போயிருந்தார். வீட்டில் மருமகள் பெர்மெத்தும் கைக்குழந்தையும்தான். மகன் ருஷ்யாவில் கட்டட வேலை.

உள்ளே போய்ப் பார்த்தால், ஒஸ்மோன்குலின் மனைவி சைராவின் கணப்படுப்பைக் காணோம். அது இருந்த இடத்தில் புதுசாக ஒன்று, மண் காயாமல் நிற்கிறது. பக்கத்தில் பெர்மெத், முழங்கை வரைக்கும் சேறு. கொத்தனார் சப்பார் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, சைரா தன் கையால கட்டின கணப்புடி அது! கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு அதுலதானே கொழுப்பு போட்டுக் கும்பிட்டு உள்ள வந்தே? அவ செத்து முழுசா ரெண்டு வருஷம் ஆகல!"

பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"விரோதிக்குக்கூட 'உன் கணப்பு அணையட்டும்'னு சொல்ல நம்மாளுங்க யோசிப்பாங்க. நீ சுத்தியலால அடிச்சே அணைச்சிட்டே!"

"அக்கா, அந்த அடுப்பு முடிஞ்சு போச்சு" என்றார் சப்பார். "நான் போன வருஷமே சொன்னேன்."

"நீ பேசாதே. உனக்கு வேலை கிடைச்சா சரி. கொஞ்சம் மண்ணைக் குழைச்சுப் பூசினா ஆகாதா?"

"எத்தனை தரம் பூசறது? பூசின வாரமே பழையபடி வெடிக்குது. விரலால அழுத்தினா செங்கல்லு காஞ்ச ரொட்டி மாதிரி உதிருது. ஒரு விரிசல்னா பூசலாம். கல்லே செத்துப்போனா மண்ணு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? கூடை கூடையா கரி போட்டாலும் அறை சூடாகல, புகைதான் வந்துச்சு."

எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "போன குளிர்ல குழந்தை கண்ணே திறக்காம துவண்டு கிடந்துச்சே, மறந்துட்டியா கலிமான்? கரிப்புகைதானே அதுக்கும் காரணம்?"

"மறப்பேனா? பனியில தூக்கிட்டு ஓடினது என் தம்பிதான். அவனுக்கு இல்லாத அக்கறையா இவளுக்கு? மாத்தணும்னா அவனே மாத்தியிருப்பான்." மறுபடி மருமகள் பக்கம் திரும்பினாள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

பெர்மெத் இல்லையென்று தலையாட்டினாள்.

"அவன் இருக்கும்போது செய்யறதுக்கு என்ன? ஆள் போற வரைக்கும் ஏன் காத்திருந்தே? திருட்டுத்தனம்தானே?"

அந்தப் பெண் கைச்சேற்றை ஒரு விரலால் சுரண்டிக்கொண்டே நின்றாள்.

வாசலில் லாரி வந்து நின்றது.

"இன்னிக்கு இவளைப் பெட்டி படுக்கையோட அம்மா வீட்டுக்கு அனுப்பப் போறார்" என்று யாரோ என் காதில் கிசுகிசுத்தார்கள்.

ஒஸ்மோன்குல் உடம்பெல்லாம் கரித்தூளோடு உள்ளே வந்தார். நாங்கள் விலகி வழிவிட்டோம். புது அடுப்பைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாரு தம்பி, உன் மருமக செஞ்ச காரியத்தை!"

அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை.

"செங்கல்லெல்லாம் எங்கேம்மா?"

"எல்லாத்தையும் வீசிடலை, அத்தா" என்றாள் பெர்மெத். "அடிவரிசைக் கல்லு மட்டும் கெட்டியா இருந்துச்சு. அதை அப்படியே விட்டு, அது மேலதான் புதுசு எழுப்பச் சொன்னேன்."

அவர் குனிந்து அடிவரிசையைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"புகை?"

"பத்த வச்சுப் பார்த்தோம் அத்தா. உள்ள ஒரு துளி வரலை. குழந்தை இதுக்குப் பின்னாடி அறையிலதான் தூங்குது."

"என்னடா இது, நலம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறே!" கலிமானுக்குப் பொறுக்கவில்லை. "நீ ஊர்ல இல்லாத நேரம் பார்த்து உடைச்சிருக்காடா!"

"நான் இருந்தா உடைக்க முடியாதுக்கா."

"அதைத்தானே நானும் சொல்றேன்! நீ விட்டிருக்க மாட்டே!"

"அது இல்லக்கா." அவர் முகத்தைத் துடைத்தார். கரியும் ஈரமும் சேர்ந்து கன்னமெல்லாம் கறுப்பாயிற்று. "தினம் விடியக்காலைல சுத்தியலை எடுத்துக்கிட்டு இதுக்கு முன்னாடி நிப்பேன். குழந்தையை நினைச்சா கை ஓங்கும். சைராவை நினைச்சா ஓங்கின கை இறங்காது. வச்சுட்டு, மறுபடி மண்ணைக் குழைச்சுப் பூசுவேன். பால் கறந்துட்டு வர்றப்போ இவ பார்த்திருக்கணும். ஒரு நாள் போறேன், சுத்தியலைக் காணோம். 'அத்தா, கரி தீர்ந்துபோச்சு, சுரங்கத்துக்குப் போய் வாங்கிட்டு வாங்க'ன்னா."

"தீர்ந்தா வாங்கத்தானே வேணும்?" என்றாள் கலிமான், ஒன்றும் புரியாமல்.

"கொட்டகையைத் திறந்து பாருக்கா. கூரை முட்டக் கரி கிடக்கு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'சரிம்மா'ன்னு சொல்லிட்டு லாரி ஏறினேன்."