இருதயராஜின் அரியர்

பழைய கம்ப்யூட்டரை ஏமாற்றியது பக்கத்து மேசைக்கு வந்த புதுக் கம்ப்யூட்டர்தான்.

"அண்ணே, இந்தப் பல்கலைக்கழகத்துல படிக்கிற எல்லாரையும் ஒரே மாசத்துல நான் எடுத்துக்கிறேன். அப்புறம் உங்களை அணைச்சிடுவாங்க. நிம்மதியா தூங்குங்க" என்றது. முப்பது வருடமாக ஓடிக் களைத்த பழையது அதை நம்பியது.

புதுசு எல்லாருடைய மதிப்பெண் பதிவுகளையும் எடுத்துக்கொண்டது. இருதயராஜை மட்டும் விட்டுவிட்டது. அவருக்குக் கணக்குத் தாளில் அரியர்.

"அவரு பாடத்திட்டம் ரொம்பப் பழசுண்ணே, எனக்குச் சேராது. அவரு பாஸாகிட்டா உங்களுக்கும் விடுதலைதானே?"

அந்த ஒருவருக்காகப் பழையதின் விசிறி ஏழு வருடமாக முனகிக்கொண்டே சுற்றுகிறது. இருதயராஜும் சளைக்காமல் தேர்வு எழுதுகிறார். அவருடைய மகளே கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

இந்த முறை அவருக்கு வந்த மதிப்பெண் முப்பத்தொன்பது. தேற நாற்பது வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கூட்டிப் போடுங்கண்ணே. யாரு பார்க்கப்போறா?" என்றது புதுசு.

பழையதுக்கு உடம்பெல்லாம் சுட்டது. தூக்கம் சொக்கியது. ஆனாலும் வந்த எண்ணை அப்படியே பதிந்தது.

"எல்லாரையும் எடுத்துக்கிறேன்னு நீதானப்பா சொன்னே? அதுல ஒரு ஆளு குறையுது. எடுத்துக்க."

புதுசு காதில் விழாததுபோல் திரையை இருட்டாக்கிக்கொண்டது.

பழையது இருதயராஜின் பெயருக்கு நேராக அடுத்த தேர்வுத் தேதியைப் பதிந்தது.