லேசான உரல்

மஞ்சள் கூடையைத் தாமதமாகக் கொண்டுவந்ததற்காக முத்துகிருஷ்ணன் தன் மனைவி தேவகியைக் கோயில் வாசலிலேயே அறைந்தான்.

காப்புக் கட்டிய கை. அன்றைக்கு அது சாமியின் கை. யாரும் தடுக்கவில்லை.

அடித்த கையோடு மண்ணில் மல்லாந்து படுத்தான்.

"வேண்டுதல் முடியட்டும். வூட்டுக்கு வா, மிச்சம் அங்க கீது உனக்கு."

ஆடிக் கிருத்திகை. ஏரிக்கரை முருகனுக்கு மார்மேல் மஞ்சள் இடிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். நேர்ந்தவன் படுக்க வேண்டும். அவன் நெஞ்சில் கல் உரலை ஏற்றி, மஞ்சளைக் கொட்டி, கோயிலின் இரும்பு உலக்கையால் இடிப்பார்கள். ஓங்கிக் குத்தக் கூடாது. தலைக்கு மேல் தூக்கிக் கையை விட்டால் போதும். விழுவது உலக்கையின் வேலை, காப்பது முருகனின் வேலை.

வருஷா வருஷம் அவரும் வேலையைச் சரியாகத்தான் பார்த்துவந்தார். போன வருஷம் படுத்த இருசப்பன், இரண்டு ஆள் தூக்கும் அந்த உரலுக்கு அடியிலிருந்து எழுந்து, மேலெல்லாம் ஒட்டிய மஞ்சளைத் தட்டிவிட்டு நாஷ்டாவுக்குப் போனான். இந்த வருஷம் உலக்கை அவன் கையில்.

கல் உரலைத் தூக்கியதும் தேவகி குறுக்கே விழுந்தாள். கன்னத்தில் விரல் தடம் இன்னும் ஆறவில்லை.

"அய்யோ, அம்மாங் கனம் வாணாம் சாமி. நெஞ்சு தாங்காது அவுருக்கு. லேசா ஒண்ணு வையுங்க."

கூட்டம் உருகிவிட்டது. வாங்கிய அறையின் சூடு தணியவில்லை, புருஷனுக்காகக் கெஞ்சுகிறாளே!

பூசாரி மசியவில்லை. ஆனால் உத்திரமேரூர் சந்தையில் பேசிப் பழகிய ஜனம், விடுமா? கத்தரிக்காய்க்கு இறக்குவதைப் போலக் கல்லை இறக்கிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் சின்ன உரல் என்றார். ஒருத்தி அம்மிக்கல் என்றாள். அம்மி என்றதும் தேவகி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

கடைசியில் யார் வீட்டிலிருந்தோ மருந்து இடிக்கும் மர உரல் வந்தது. ஒற்றைக் கையில் தூக்கி வந்தார்கள்.

அப்போதுதான் அவள் எழுந்து வழிவிட்டாள்.

நெஞ்சில் வைத்ததும் முத்துகிருஷ்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடா இது, பூனக்குட்டி கணக்கா கீது!"

இருசப்பன் உலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினான். முருகா என்றான். விட்டான்.

எப்போதும் 'ணங்' என்று கேட்கும். கல் உரல் அசையாது.

இந்த முறை, காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். மர உரல் நெஞ்சுக்குள் இறங்கியது.

வாயிலிருந்து பீறிட்டது, சிந்திய மஞ்சளில் விழுந்தது. சுண்ணாம்பு சேர்க்காமலே குங்குமமானது.

இருசப்பன் உலக்கையை எறிந்துவிட்டு ஓடினான். வண்டி கொண்டுவரச் சொல்லி ஒருவர் கத்தினார். வண்டி வருவதற்குள் கால் உதறலும் அடங்கிவிட்டது. மீதிப் பேர் தீட்டு யாருடையது என்று சண்டை பிடித்தார்கள். எவனோ கவிச்சி துன்னுட்டு வந்துகிறான் என்றாள் ஒரு கிழவி.

உரலைப் பற்றி யாரும் பேசவில்லை. லேசான சாமான் எப்படி ஆளைக் கொல்லும்?

பக்கத்து வீட்டுக்காரி கைக்குழந்தையைக் கொண்டுவந்து தேவகியின் மடியில் போட்டாள். இந்தப் பிள்ளை பழுதில்லாமல் பிறந்ததற்குத்தான் முத்துகிருஷ்ணன் நேர்ந்துகொண்டது.

வீட்டு உலக்கையை அவன் ஓங்கும்போதெல்லாம் கையில் கிடைத்ததை நடுவில் பிடிப்பாள் தேவகி. முறத்தைப் பிடித்தபோது கை ஒடிந்தது. மணைப்பலகையைப் பிடித்தபோது விலா.

ஏழாம் மாசத்தில் ஒருநாள் அவன் வயிற்றைக் குறிபார்த்தான். அன்று அவள் இழுத்து அணைத்துக்கொண்டது அம்மிக்கல்லை.

உள்ளே பிள்ளைக்குத் தூக்கம்கூடக் கலையவில்லை.