பந்தி போடும் இயந்திரம்

அந்த அலுவலக கேன்டீனில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை இப்போதெல்லாம் இயந்திரம்தான் சொல்லும். இருவரில் ஒருவருக்காவது மற்றவர்மேல் மனசுக்குள் இளக்காரம் இருந்தால் போதும், அது போகும்வரை இருவருக்கும் ஒரே மேசை. இளக்காரம் யாருக்கு என்பதை மட்டும் அது சொல்லாது.

கணக்குப் பிரிவு வசுந்தராவுக்கு எதிரே ஸ்டோர்ஸ் மரியதாசை உட்கார வைத்தது இயந்திரம். ‘இந்த ஆளுக்கு நம்மேல் என்ன கடுப்போ?’ என்று நினைத்துக்கொண்டாள் வசுந்தரா. தன்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

தன் மனசில் இளக்காரம் ஏதும் இல்லை என்று காட்டிக்கொள்ளவே, “கருவாட்டை ஏன் சார் மூடி வெச்சிருக்கீங்க? தாராளமா சாப்பிடுங்க” என்றாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. அவள் கொடுத்த தயிர்சாதத்தை வாயில் வைப்பதற்கு முன்பே, “பிரமாதம் மேடம்” என்றார்.

இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு பெருந்தன்மை காட்டியதில் பேச்சு வளர்ந்தது. ஒருநாள் மேலாளர் கூட்டத்தில் தூங்கி விழுவதை மரியதாஸ் நடித்துக் காட்ட, சிரித்த சிரிப்பில் வசுந்தரா மூச்சைப் பிடிக்க மறந்துபோனாள்.

மறுநாளே இயந்திரம் இருவரையும் பிரித்துவிட்டது.

புது மேசையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாதியில் எழுந்து, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி அதிகாரி மெஹருன்னிசாவிடம் போய் நின்றாள்.

“மேடம், மெஷின் ஏதோ தப்பு பண்ணியிருக்கு. எனக்கு அவர்மேல இன்னும் கொஞ்சம் இளக்காரம் பாக்கி இருக்கு.”

மெஹருன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“இப்பத்தான் அவரும் வந்து இதையே சொல்லிட்டுப் போறாரு.”