ஒரு வாய்

தொடக்கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எதிரே மீன்தொட்டி போல ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் முகப்பில் நீளமான கறுப்புக் கையுறைகள் இரண்டு, பெட்டியோடு ஒட்டியே இருந்தன. ஆராய்ச்சிக்காரப் பெண் செண்பகவல்லி அவற்றுக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, உள்ளேயிருந்து வட்டமான சின்னத் தட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடியோரம் காட்டினாள்.

"இதாம்மா."

சிவப்புப் பரப்பில் கடுகைவிடச் சின்னதாகச் சில புள்ளிகள்.

இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. ஆறடி ஆளை அரித்துத் தின்றது இதுவா?

புருஷனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்திருந்தாள்.

அவர் தேனி ரோட்டில் பஸ் ஓட்டியவர். ராசாங்கம் டிரைவர் என்றால் வழி நெடுக ஆட்களுக்குத் தெரியும். குடல் புண்ணாகிப் போனபின், அந்த ரோட்டில் எந்த ஊரில் கக்கூஸ் உண்டு, எது எந்நேரமும் பூட்டியே கிடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடுவார். கண்டக்டர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.

எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும், பெரும்பாலும் நல்லதுதான் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் குடலில் கெட்டதன் கை ஓங்கிவிட்டதாம். புண் இருந்ததால் கிருமி பெருகியது. கிருமி பெருகியதால் புண் ஆறவில்லை. ஆறாத புண் கட்டியானது. அப்படி அடித்துச் சொல்லவும் முடியாது, சந்தேகம்தான், அதற்காகத்தான் ஆராய்ச்சியே என்றும் சொன்னார்.

அவளுக்குச் சந்தேகமே இல்லை.

குழாய் விட்டுப் பார்த்தபோது கிள்ளி எடுத்த சதையிலிருந்து வளர்த்தது இது. அப்போது அவரே சம்மதித்துக் கொடுத்தார். இப்போது அவர் இல்லை. தொடர்ந்து வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடலாமா என்று வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்க வரச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போதே பதிலைத் தயாராக வைத்திருந்தாள். கொன்று போடுங்கள். கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன்.

"எப்பிடித் தாயி கொல்லுவ?"

"கொல்லவே வேணாம்மா. வெளிய எடுத்து வச்சாப் போதும். காத்துப் பட்டாச் செத்துரும்."

அவளுக்கு வயிறெரிந்தது. எத்தனை மாத்திரை, எத்தனை ஊசி. வயிற்றைக் கிழித்து, பக்கவாட்டில் மலம் போகப் பை மாட்டி, என்னென்னவோ செய்தார்கள். வெறும் காற்றுக்குச் சாகிற சனியனுக்கு அத்தனையும்.

"இத்தன நாளா என்னத்தத் தின்னுட்டு உசுரோட இருக்கு?"

கோபத்தில்தான் கேட்டாள்.

"ஆட்டு ரத்தம்மா. கலந்து ஊத்தி வைப்போம். அந்தச் செவப்பு அதான்."



ஆட்டு ரத்தம்.

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ரத்தப் பொரியல்தான். கறிகூட அப்புறம்தான். சின்ன வெங்காயத்தை நிறைய வதக்கி, தேங்காய்ப்பூ தூவி இறக்கினால் சட்டியோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

டாக்டர் காரத்தைக் குறைக்கத்தான் சொன்னார். அவள் கவிச்சியையே நிறுத்தினாள். டாக்டருக்கு மேலே டாக்டர் அவள். இட்லி, தயிர்சோறு, மறுபடியும் தயிர்சோறு. தம்பி வீட்டுக் கெடா விருந்தில் எல்லார் இலையிலும் கறி விழுந்தது. அவர் இலையில் ரசம். அவர் கண் பக்கத்து இலைக்குப் போனது. நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையாதீங்க என்று பந்தியில் வைத்தே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார்.

கடைசியில் டாக்டரே சொல்லிவிட்டார், இனி கேட்டதைக் கொடுங்கள் என்று. கேட்டதைக் கொடுப்பது என்றால் ஆளைக் கைகழுவுவது என்று அவளுக்குப் பட்டது.

"ஒரு வாய்தான்டி," என்றார்.

"எந்திரிச்சு உக்காருங்க. செஞ்சு தாரேன்."

சொல்லிவிட்டுக் கஞ்சியை ஊட்டினாள். பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

அவர் எழுந்து உட்காரவே இல்லை.

படையலில் அவருக்குப் பிடித்த எல்லாம் வைத்தாள். ரத்தப் பொரியலை மட்டும் வைக்கக் கை வரவில்லை. உசுரோடு கேட்டபோது கொடுக்காததைப் படத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு வைப்பது?

ஆராய்ச்சிக்கூடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள். செண்பகவல்லியின் கைகள் கையுறைக்குள் மாட்டியிருந்தன. சட்டென்று வந்து தொட்டு ஆறுதல் சொல்ல முடியவில்லை.

"வெளிய எடுத்துரவாம்மா?" என்றாள் மெதுவாக.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைப் பார்த்தாள். அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு லேசாக வெளுத்திருந்தது.

"எடுக்கலேன்னா?"

"நாளைக்குப் புதுத் தட்டுல மாத்தணும்மா."

"அதுலயும் ரத்தந்தானா?"

"ஆமாம்மா."

முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடட்டும் தாயி," என்றாள்.