பன்றித் தொடைக்கு ஒரு ரைபிள்

ஆர்வில் க்ரோமர் தன் அறுபத்தெட்டாவது வயதில் செய்த முதல் குற்றத்துக்குக் காரணம், உப்பிட்டுப் புகைபோட்ட ஒரு பன்றித் தொடை.

ஊர்த் துப்பாக்கிக் கிளப்பில் அவர்தான் நடமாடும் சட்டப் புத்தகம். பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கான அரசு உரிமம் வைத்திருப்பவர்.

"வாங்கினாலும் குடுத்தாலும் பதிவேட்டுல எழுதணும். யார்கிட்டேருந்து வந்துச்சு, யாருக்குப் போச்சு, ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது. உரிமம் இல்லாத வெளி மாநிலத்துக்காரன், கூடப் பொறந்தவனா இருந்தாலும் கையில குடுத்துடாதீங்க" என்று வாரம் தவறாமல் வகுப்பெடுப்பார். கேட்பவர்கள் காபி எடுக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர்தான் போன மாதம், மச்சான் டுவெய்ன் விருந்துக்குக் கொண்டுவந்த தொடையின் வாசனையில் மயங்கி, மூன்று கிளாஸ் விஸ்கிக்குப் பிறகு, 1943-ம் வருஷத்து ராணுவ ரைபிளைத் தூக்கி அவனுக்கே கொடுத்துவிட்டார். டுவெய்ன் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கெண்டக்கியில். ஆர்வில் வீடு இந்தப் பக்கம், இண்டியானாவில். பாலத்தில் போனால் பத்து நிமிடம்தான், ஆனால் சட்டத்துக்கு அது வெளி மாநிலம்.

பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட மாதிரி. எழுதாமல் விட்டதும் குற்றம்தான்.

வெள்ளிக்கிழமை துப்பாக்கி உரிமத் துறை ஆய்வாளரிடமிருந்து போன் வந்தது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர்றேன், சார். பதிவேட்டையும் துப்பாக்கிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்."

உரிமம் போகும். ஜெயிலுக்கே போனாலும் போக வேண்டியதுதான். ஆர்விலுக்குத் தொடை நெஞ்சில் நின்றது.

"டுவெய்ன்கிட்ட கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி நோரின்.

"உன் தம்பிகிட்டயா? கிளப்புல எல்லார் முன்னாடியும் 'உனக்குச் சட்டம் தெரியுமாடா'ன்னு அவனை மட்டம் தட்டினவன் நான். இப்ப போய் நின்னா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"அப்ப ஜெயில்ல போய் வகுப்பெடுங்க. அங்க யாரும் காபிக்கு எழுந்து போக முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலை, டுவெய்ன் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆர்வில் அவன் வீட்டுப் பூந்தொட்டியை நகர்த்திச் சாவியை எடுத்தார். கணப்படுப்புக்கு மேலே ரைபிள் மாட்டியிருந்தது. நாற்காலியில் ஏறினார். முட்டி 'கடக்' என்றது. வரிசை எண்ணைப் பார்க்கக்கூட இல்லை. 'கண்ணைக் கட்டிவிட்டாலும் என் துப்பாக்கியைத் தடவியே சொல்லிடுவேன்' என்று கிளப்பில் பீற்றிக்கொள்பவர் ஆயிற்றே!

தூண்டில் பைக்குள் அதைத் திணித்துக்கொண்டு பாலத்தில் திரும்பும்போது, கார்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். 'கொடுத்ததும் நீ, திருடியதும் நீ. நாற்காலியிலிருந்து இறங்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்ட திருடன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான்' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்து, அலமாரியில் காலியாக இருந்த இடத்தில் ரைபிளை வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் ஹாலோவே வந்தாள். முப்பது வயதிருக்கும். சிரிக்காத முகம். ஆர்வில் அவளுக்கும் கொஞ்சம் வகுப்பெடுத்தார். "ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாதுங்கிறது என் கொள்கை, மேடம்."

பதின்மூன்று துப்பாக்கிகளுக்கு டிக் விழுந்தது. பதினான்காவதைக் கையில் எடுத்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"மாடல், வருஷம் எல்லாம் சரி. வரிசை எண் வேற. இது பதிவேட்டுல இல்லையே, சார்?"

ஆர்வில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

காபியும், தொடைக்கறி வைத்த பன்னும் கொண்டுவந்த நோரின் சிரித்தாள். "ஏங்க, எதையோ எடுத்து மாத்தி வச்சிருக்கீங்க. நம்மளுது இங்க இருக்கு." கோட்டுகள் தொங்கும் அலமாரியைத் திறந்து ஒரு ரைபிளை எடுத்து நீட்டினாள். "மான் வேட்டைக்கு என் தம்பி இரவல் வாங்கிட்டுப் போயிருந்தான், மேடம். சனிக்கிழமையே கொண்டாந்து குடுத்துட்டான். இவர் கொஞ்சம் தவிக்கட்டுமேன்னு நான்தான் சொல்லல."

மான் வேட்டைக்கு இரவல் என்ற பொய்யைக் கண் இமைக்காமல் சொன்னாள். ஆர்விலுக்கு அவள்மேல் நாற்பது வருஷக் காதல் ஒரே நொடியில் பொங்கியது.

ஹாலோவே எண்ணைச் சரிபார்த்தாள். "வேட்டைக்குத் தற்காலிகமா இரவல் குடுத்தா தப்பில்ல. பதினாலும் சரி."

பிழைத்தோம் என்று ஆர்வில் ஒரு பன்னை எடுத்துக் கடித்தார். தொடை மறுபடியும் ருசித்தது.

காபியை ஊற்றியபடியே நோரின் பெருமூச்சு விட்டாள். "பாவம் டுவெய்ன். நம்மளுதைக் குடுத்ததும் சுவர் வெறிச்சுனு இருக்குன்னு சனிக்கிழமையே கடைக்குப் போய், முறையா எல்லாப் படிவமும் எழுதி, இதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமை அவன் சர்ச்சுக்குப் போன நேரத்துல எவனோ அடிச்சிட்டுப் போயிட்டானாம். காலையிலதான் போன் பண்ணினான். போலீஸ்ல நம்பர்கூடக் குடுத்திருக்கானாம்."

ஆர்வில் கடித்த பன்னைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

ஹாலோவே மேஜைமேல் கிடந்த இன்னொரு ரைபிளைப் பார்த்தாள். ஆர்விலைப் பார்த்தாள். பதிவேட்டின் அடுத்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"இந்தப் பதினஞ்சாவது யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு எழுதுங்க, சார். கட்டம் காலியா இருக்கக் கூடாது."