சிகரெட் பழக்கம்

“ஆமா சார், அவருக்கு சிகரெட் பழக்கம் இருந்துச்சு.”

அண்ணி சொன்னதைக் கேட்டு, துணைக்கு வந்திருந்த நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகை வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற மனுஷனாயிற்றே அண்ணன்! ஆலைத் தீ விபத்தில் செத்தவன் மேல் இப்படியுமா ஒரு பொய்?

விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கேஸ் பத்திக்க நெருப்புதான் வேணும்னு இல்ல. வெல்டிங் வெச்ச குழாய் ஆறாம இருந்து, கசியற கேஸ் அதுல பட்டா, அந்தச் சூடே போதும். ‘ஆறிடுச்சு, வால்வைத் திற’ன்னு யாராவது அவசரப்பட்டுச் சொல்லியிருந்தாலும் இதே கதிதான்.”

மூலையில் நின்ற, அண்ணனோடு வேலை பார்த்த வெல்டர் அவசரமாகக் குறுக்கிட்டான்.

“நல்லா ஆறின பிறகுதான் சார் சொன்னேன்.”

அண்ணி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“திருட்டுத்தனமா பிடிப்பார் சார். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன்.”

“தப்பு அவர் மேலன்னு ஆயிட்டா, ஆலையில இருந்து உங்களுக்குச் சல்லிக்காசு வராது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

வெல்டர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

படிக்கட்டில் நாத்தனார் மறித்தாள். முதல் தடவையாக ‘நீ’ என்று வாயில் வந்தது.

“உன் நாக்கு அழுகிப் போகாதா? கட்டின புருஷன் மேலயே பழி போட எப்படி மனசு வந்துச்சு? உனக்கும் அந்த வெல்டருக்கும் என்ன?”

அடித்தாலும் வாங்கிக்கொள்வாள் போல நின்றாள் அண்ணி.

“அவன் பொண்டாட்டி போன வருஷம் தவறிட்டா. வீட்ல ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. இவனும் ஜெயிலுக்குப் போனா அதுங்க தெருவுலதான் நிக்கும்.”

“அதுக்கு எங்க அண்ணன்தான் கிடைச்சானா?”

“ஆஸ்பத்திரியில உடம்பெல்லாம் வெந்து கிடந்தப்ப, என்னைக் கிட்ட வரச் சொன்னார். உதடு அசைஞ்சுதே தவிர சத்தம் வரல. காதை வெச்சுக் கேட்டேன்.”

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

“‘செத்தவனை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க, நான் சிகரெட் பத்த வெச்சேன்னு சொல்லிடு’ன்னு கெஞ்சினதே உங்க அண்ணன்தான்டி!”